துண்டுக்கு அடியில்

அடித்துவிட்டாள் மறுபடியும். முதல் தடவை மட்டும் லேசா ஷாக் அடிக்கும்ங்க என்று சொன்னாள், அதோடு சரி, இப்போது சொல்லாமல் கொள்ளாமல் மணிக்கட்டில் அந்த இரண்டு முனைக் கட்டையை வைத்து அழுத்துகிறாள், டக் என்கிறது, என் கட்டைவிரல் என்னைக் கேட்காமல் எழுந்து குனிகிறது. என்னைக் கேட்காமல். பொள்ளாச்சிச் சந்தையில் இந்தச் சென்னியப்பன் விரலை அவன் சம்மதம் இல்லாமல் மடக்கியவன் எவனும் கிடையாது, மடக்கப் பார்த்தவனை நான் மடக்கி அனுப்பியிருக்கிறேன். இந்த டாக்டர் பொண்ணு, பெனிட்டாவாம் பெயர், கோயமுத்தூர் வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குளிர் அறையில் என் சட்டையைக் கழற்றச் சொல்லிப் படுக்கவைத்து, கையில் பசையைத் தடவி, பட்டையைச் சுற்றி, ஒயரை மாட்டி, விரலை ஆட்டிவைத்து வேடிக்கை பார்க்கிறாள். மாட்டுக்குச் சினை பார்க்கிறவன்கூட முதுகில் இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் கையை உள்ளே விடுகிறான். இவளுக்கு அந்த மரியாதையும் தெரியவில்லை. திரையில் ஒரு கோடு மேடாக எழுந்து சரிகிறது, நல்லா வருதுங்க என்கிறாள், என்ன நல்லா வருகிறது, என் கை வழியாக என்ன வருகிறது, எனக்குத் தெரியாமல் எனக்குள் ஒரு யாவாரம் நடக்கிறது, விலை அவளுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. இதைத்தான் தாங்க முடியவில்லை. விலை எனக்கு முன்னால் இன்னொருத்தனுக்குத் தெரிவது. மாட்டு யாவாரத்தில் விலையை வாயால் சொல்லக்கூடாது, அது சந்தையின் சட்டம், வாங்குகிறவன் கையும் தரகன் கையும் துண்டுக்கு அடியில் பேசிக்கொள்ளும், சுற்றிலும் கூட்டம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும், எவனுக்கும் ஒன்றும் தெரியாது. விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, விரலின் பாதியைக் கிள்ளினால் ஒரு கணக்கு, உள்ளங்கையைச் சுரண்டினால் இறங்கி வா என்று அர்த்தம். முகம் கல்லு மாதிரி இருக்கும், வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், விரல் மட்டும் உண்மை சொல்லும். என் விரல் சொல்லும். சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாளே என் பெண்டாட்டி மயிலாத்தாள், வெளியே இருங்கம்மா என்று சொல்லியும் போகாமல், அவள் மடியில்தான் இருக்கிறது என் துண்டு, மடித்து, ஒரு பொதியைக் காவல் காக்கிறவள் மாதிரி இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு. முறைக்கிறேன். பார்க்கிறாள். பார்வையை எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. டக். மறுபடி குனிகிறது சனியன்.

நரம்புங்கற ஒயர் அறுந்து போகலீங்க என்கிறாள் டாக்டர். அறுபடவில்லையாம், மேலே சுற்றின உறையும் பெரிசாகக் கெடவில்லையாம், கெட்டது இடைவெளியாம். இடைவெளி எப்படியம்மா கெடும், ஒன்றும் இல்லாத இடத்துக்குத்தானே அந்தப் பெயர் என்று கேட்டுவிட்டேன். பேசாமல் இருந்திருக்கலாம். கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். முதுகெலும்புப் பக்கத்திலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே நரம்புச் செல் நூல் மாதிரி நீண்டு வருகிறதாம். அதன்மேல் வேறு செல்கள் வரிசையாக உட்கார்ந்து உறையாகச் சுற்றிக்கொள்கின்றனவாம், ஒரு உறைக்கும் அடுத்த உறைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத சின்ன இடைவெளி விட்டு. அந்த இடைவெளியில்தான் கதவுகள் நிற்கின்றன. உப்பில் இருக்கிற சோடியத்தை உள்ளே விடுகிற கதவுகள். நரம்பு நெடுக இல்லை, உறைக்கு அடியில் தேடினாலும் அகப்படாது, அத்தனையும் அந்தத் துளி இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு. அங்கே கதவு திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால் அந்த வேகத்தில் செய்தி உறைக்கு அடியில் ஓடி அடுத்த இடைவெளியில் குதிக்கும், அங்கே கதவு திறக்கும், அங்கிருந்து அடுத்தது, இப்படிக் குதித்துக் குதித்துத்தான் விரலுக்கு வருவதும் விரலிலிருந்து போவதும். சரி, நிற்கட்டும், அதுக்கென்ன என்றேன். நிற்க மாட்டேங்குதே சார், அதுதான் உங்க வியாதி என்றாள், ஏதோ நான்தான் அதுகளை அவிழ்த்துவிட்ட மாதிரி. கதவுகள் தானாக ஓரிடத்தில் நிற்கிற பிறவிகள் இல்லையாம். எங்கோ முதுகெலும்புப் பக்கம் உருவாகி, நரம்புக்குள்ளேயே பயணம் செய்து வந்து, நரம்பின் மேல்தோலில் ஏறி, எண்ணெயில் மிதக்கிற மாதிரி மிதந்து அலையுமாம். இடைவெளியில் ஒன்று ஊன்றி வைத்திருக்கிறதாம், அதில் வந்து மாட்டிக்கொண்டால்தான் நிலை. நங்கூரம் என்றாள். நாகர்கோவில்காரி, கடலைப் பார்த்து வளர்ந்தவள், நங்கூரம் என்கிறாள். எனக்கு நங்கூரம் தெரியாது, முளை தெரியும். முளை அடித்துக் கட்டினால் மாடு நிற்கும், முளை பிடுங்கிக்கொண்டால் மாடு போன இடம் தெரியாது, இதுக்கு ஒரு படிப்பு. இடைவெளிக்கு இரண்டு பக்கமும் உறையின் ஓரம் நரம்போடு தைத்த மாதிரி ஒட்டி வேலி போட்டிருக்கிறதாம், வேலிக்கு அந்தப் பக்கம் வேறு ரகக் கதவுகள், உள்ளே இருப்பதை வெளியே விடுகிறவை, அதுவும் இதுவும் கலக்கக்கூடாது. காளைக் கட்டு ஒரு பக்கம், கறவைக் கட்டு ஒரு பக்கம். என் ரத்தம், என்னுடைய சொந்த ரத்தம், அந்த முளைகளை எதிரி என்று எண்ணிக்கொண்டு பிடுங்குகிறதாம், போன வாரம் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தில் அது தெரிந்துவிட்டது, எந்தெந்த இடத்தில் எவ்வளவு பிடுங்கியிருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த அடி. முளை போனால் கதவு கலையும், கதவு கலைந்தால் குதிக்கிற செய்தி நடுவழியில் விழும். விழுந்துகொண்டிருக்கிறது. யாரம்மா உனக்கு என் சந்தையைச் சொன்னது என்று வாய் வரைக்கும் வந்தது. சந்தையில் தரகனுக்கு என்று எழுதிக்கொடுத்த இடம் கிடையாது. லாரி பின்னால் வந்து மாடு இறக்குகிற மேட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு சந்து, நாலு ஆள் நிற்கலாம், அங்கே நிற்கிறவன் கண்ணில்தான் மாடு முதலில் படும், வாங்க வருகிறவன் காலும் முதலில் அங்கேதான் படும். மற்ற இடத்தில் நிற்கிறவன் எல்லாம் நிற்கலாம், பேன் பார்த்துக்கொண்டு. அந்த இடத்துக்கு என் முன்பல் இரண்டு போயிருக்கிறது. விட்டால் போச்சு. ஒரு சந்தைக்கு வராதவன் இடம் அடுத்த சந்தையில் இன்னொருத்தன் இடம், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், மழை பெய்து நின்றது மாதிரி எடுத்துக்கொள்வார்கள். நாளைக்குச் சந்தை. நாளைக்குப் பாலக்காட்டு உம்மர் வருகிறார், லாரியோடு வாங்குகிறவர், என் துண்டு தவிர இன்னொரு துண்டில் கை விட்டது இல்லை. நாளைக்கு நான் அந்தச் சந்தில் இல்லாவிட்டால் எனக்குப் போட்டித் தரகன் ஆறுச்சாமி இருப்பான்.

ஆறுச்சாமி. பெயரை நினைத்தாலே உள்ளங்கை எரிகிறது. எரியவில்லை, அதுதானே கேடு, எரிந்திருந்தால் நான் ஏன் இங்கே படுத்திருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை டீக்கடையில் டம்ளரை நீட்டினான், அண்ணா குடிங்க என்று, இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு வெற்றிலை நீட்டாதவன். வாங்கினேன். பேசிக்கொண்டிருந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், தரகன் ஒருவன் எதைப் பார்க்கிறான் என்று பார்க்காதவன் என்ன தரகன். கொதிக்கக் கொதிக்க ஆற்றாத டீ, எவர்சில்வர் டம்ளர், மற்றவன் எல்லாம் துண்டு நுனியால் பிடித்துக்கொண்டிருக்கிறான், நான் மட்டும் வெறுங்கையால், ஏதோ பச்சைத்தண்ணி மாதிரி. கீழே வைத்தபோது உள்ளங்கையில் தோல் வெள்ளையாக உப்பியிருந்தது. காசைக் கொடுத்துவிட்டுப் போகும்போது அவன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அண்ணனுக்கு நல்ல கை, எதையும் தாங்கும் என்றான். நாலு பேர் சிரித்தார்கள், பாராட்டு என்று நினைத்து. அவனை மிதித்திருக்க வேண்டும். மிதித்தால் ஏன் மிதித்தான் என்று கேட்பார்கள். இதுதான் அவன் சாமர்த்தியம், என் கோபத்தையும் என் வாயையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டான். அதற்கு முன்னால் செருப்பு. பஸ்ஸில் ஏறி ஊருக்கு வந்து இறங்கி வீட்டு வாசலில் காலைக் கழுவப் போனபோதுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்று மயிலாத்தாள் சொல்லித் தெரிந்தது. எங்கே விட்டீங்க என்றாள். தொலைச்சேன், உனக்கென்ன என்றேன். எங்கே கழன்றதோ, எத்தனை தூரம் வெறுங்காலில் நடந்தேனோ, கால் என்னிடம் சொல்லவில்லை. சட்டைப் பொத்தான் போட முடியாதபோது பொத்தான் சரியில்லை என்று தையல்காரனைத் திட்டினேன். துண்டுக்கு அடியில் பிடி தெரியாமல் போனது எப்போதிலிருந்து, அதை மட்டும் நினைக்க மாட்டேன், அது மாடு மிதித்த மரப்பு என்றேன், குளிர் என்றேன், வயசு என்றேன். விரல் பேசாமல் போனதும் கண் பேச ஆரம்பித்தது. ஒருத்தன் ஒரு விரலைப் பிடித்தால் அவன் முழங்கை ஒரு மாதிரி இருக்கும், நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தால் தோள் இறங்கும், பாதி விரல் என்றால் துண்டில் சின்னதாக ஒரு மடிப்பு விழும், சுரண்டினால் அவனுக்கே கூச்சமாகி உதடு சுழியும். இத்தனை மாசமாக விரலை வைத்துக்கொண்டு கண்ணால் யாவாரம் பண்ணியிருக்கிறேன், எவனாலும் முடியாது, இந்த டாக்டர் பொண்ணு மெஷினில் இது வராது. ஆனால் உம்மர் வேறு. உம்மருக்கு முழங்கை அசையாது, தோள் இறங்காது, தொழுகையில் நிற்கிற மாதிரி நிற்பார், விரல் நுனியில் மட்டும் ஆள் இருக்கும். உம்மரை முகத்தில் படிக்க முடியாது. நாளைக்கு உம்மர். நாளைக்கு உம்மர் என்று எத்தனை தடவை நினைப்பேன், நினைத்தால் விரல் வந்துவிடுமா, டக், இந்தத் தடவை முழங்கையில், பல் கூசுகிறது, விரல் குனிந்ததா குனியவில்லையா, பார்த்தால்தான் தெரிகிறது, லேசாக, சோம்பேறி மாடு எழுந்திருக்கிற மாதிரி. திரையில் மேடு பாதியாகிவிட்டது. இங்க விழுதுங்க என்கிறாள் டாக்டர், மணிக்கட்டுல குடுத்தா விரல் வரைக்கும் போகுது, முழங்கையில குடுத்தா நடுவுல நின்னுபோகுது. குரலில் ஒரு சந்தோஷம். திருடனை மடக்கிவிட்ட சந்தோஷம். திருட்டுக் கொடுத்தவன் இங்கே படுத்திருக்கிறேன்.

அக்குளுக்குக் கொண்டுபோகிறாள் கட்டையை. கையைத் தூக்குங்க என்கிறாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அந்த முளையை அடிக்கிறது யாரு என்றேன். எதுக்குக் கேட்டேன், முளை அடித்தவனைக் கண்டுபிடித்தால் திரும்ப அடிக்கச் சொல்லலாம், கூலி பேசலாம், அவ்வளவுதான் என் புத்தி. நல்ல கேள்வி என்றாள், பள்ளிக்கூடத்துப் பையனிடம் சொல்கிற மாதிரி, பள்ளிக்கூடத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை, அதற்குள் சாணி அள்ளப் போய்விட்டேன். செல்லை விட்டு நரம்பு கிளம்புகிற முதல் இடத்தில், முதல் வாசலில், நரம்பு தானே முளை அடித்துக்கொள்ளுமாம், யாரும் உதவி வேண்டாம். அப்படிச் சொல்லு என்று நினைத்தேன், அதுதான் நான், தகப்பன் இல்லை, காணி இல்லை, கை பிடித்து விட்டவன் இல்லை, சாணி அள்ளின கையை நானே துண்டுக்குள் கொண்டுவந்தேன், சந்தையில் எவனை வேண்டுமானாலும் கேளு, சென்னியப்பன் தானாக முளைத்தவன். ஆனா அதுக்கப்புறம் கை நெடுக இருக்கிற இடைவெளி ஒவ்வொண்ணுலயும் என்று இழுத்தாள், ஒயரைச் சரிபண்ணிக்கொண்டே, அங்கெல்லாம் நரம்பு மட்டும் முடிவு பண்றது இல்லீங்க. சுத்தியிருக்கிற செல்தான் வெளியிலிருந்து விரல் மாதிரி நீட்டிப் பிடிச்சு, இங்கதான் நிக்கணும்னு காட்டிக்குடுக்கும். அது பிடிக்கிற இடத்துலதான் நரம்புக்குள்ளே முளை சேரும், முளை சேர்ந்த இடத்துலதான் கதவு சேரும். உங்க ரத்தம் வெட்டிவிடுறது அந்தப் பிடியைத்தான். டக். அக்குளில் அடித்தால் அது வேறு ஜாதி வலி, நெஞ்சு வரைக்கும் குலுக்குகிறது, விரலைப் பார்த்தேன், விரல் அசையவே இல்லை. கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. உறை பிடித்துக் காட்டிக்கொடுக்குமாம். உறைக்கு என்ன தெரியும். உறை என்றால் மேலே கிடப்பது, துண்டு மாதிரி, கம்பளி மாதிரி, கம்பளி என்று ஏன் நினைத்தேன், கல்யாணமான புதிசில் எங்களுக்கு ஒரே கம்பளிதான், அதற்கு அடியில் கும்மிருட்டில் அவள் கை என் கையைத் தேடி வரும், எத்தனை சொல்லு என்பாள், விரலைப் பிடித்து. தப்பாகச் சொன்னால் நறுக்கென்று கிள்ளுவாள். அரை விரலுக்கும் முழு விரலுக்கும் வித்தியாசம் எனக்குப் பிடிபடவே இல்லை அப்போது, சந்தையில் ஓரமாக நின்று முழங்கைகளைப் பார்த்துப் பார்த்துக் கணக்கு மட்டும் தெரியும், பிடி தெரியாது, பிடி தெரியாதவனைத் துண்டுக்குள் விட மாட்டார்கள். அவள் பிடிப்பாள், நான் சொல்வேன், அவள் கிள்ளுவாள், நான் சிரிப்பேன், திரும்பப் பிடிப்பாள். அது படிப்பு இல்லை, விளையாட்டு. புருசன் பெண்டாட்டி விளையாட்டு. அதையெல்லாம் கணக்கில் சேர்த்தால் எதைத்தான் சேர்க்காமல் விடுவது. ஒரு மழைக்காலம் முழுக்க விளையாடினோம். மழைக்காலம் முடிந்து நான் துண்டுக்குள் கை விட்ட முதல் நாள், எதிராளி பிடித்ததும் சட்டென்று தெரிந்தது, எண்ணவே இல்லை, தெரிந்தது. தானாக வந்தது என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். தானாகத்தான் வந்தது. அவள் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. திறந்திருந்தால் சண்டை பிடித்துத் தீர்த்திருப்பேன். இப்போது மூலையில் உட்கார்ந்து டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், தலையைக்கூட ஆட்டவில்லை, மடியில் துண்டின் நுனியை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள். முகத்தில் ஒன்றும் இல்லை. உம்மர் முகம். இவள் முகத்தை நான் ஏன் படித்ததில்லை. கம்பளிக்கு அடியில் இருட்டு, முகம் தெரியாது, விரல் போதும் என்றிருந்தது, அதற்கப்புறம் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை.

ஒயரை எல்லாம் பிய்த்து எடுத்தாள், மயிரோடு. பசையைத் துடைக்கப் பஞ்சு கொடுத்தாள், பஞ்சு கையில் இருக்கிறதா கீழே விழுந்ததா என்று நான் குனிந்து பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். இன்னிக்கே அட்மிட் ஆகணும்ங்க என்றாள். ரத்தத்தில் இருக்கிற தண்ணியைப் பிரித்து எடுத்து, முளையைப் பிடுங்குகிற விஷத்தை அதோடு வெளியேற்றி, அப்புறம் அந்த விஷத்தை உண்டாக்குகிற செல்லை அடக்க ஒரு மருந்து ஏற்ற வேண்டுமாம். நாளை மறுநாள் வருகிறேன் என்றேன். தலையாட்டினாள், முடியாது என்று. சந்தை முடிச்சுட்டு நேரா வந்துடறேன், பஸ்ஸு ராத்திரிக்கே இருக்குது என்று இறங்கி வந்தேன், சென்னியப்பன் இறங்கி வருவது லேசான விஷயமா. அதற்கும் அசையவில்லை. அப்போ மருந்தை மட்டும் கொடு, வீட்டில் வைத்துப் போட்டுக்கொள்கிறேன், ஊசி போட ஆள் இருக்கிறான், மாட்டு ஆஸ்பத்திரியில் எனக்கு வேண்டியவன் என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டாள், அந்தச் சிரிப்புக்கு அவளை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், ஆனால் உடனே முகம் மாறிவிட்டது. சார், இப்ப வரைக்கும் கதவுதான் கலைஞ்சிருக்கு, நரம்பு உசுரோட இருக்கு, பிடியைத் திரும்பக் குடுத்தா கதவு வந்து சேர்ந்துக்கும் என்றாள். தள்ளிப்போட்டா நரம்பே செத்துப்போகும், அதுக்கப்புறம் எங்கிட்ட வந்து பேரம் பேசி பிரயோசனம் இல்லை. செத்துப்போகும் என்பதை விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள், கூட்டிச் சொல்லவில்லை, அது தெரிந்தது எனக்கு, ஒருத்தர் கடைசி விலை சொல்வதற்கும் நடுவிலை சொல்வதற்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை நான். அதனால்தான் கோபம் தலைக்கு ஏறியது. எனக்கு ஒண்ணும் ஆகலைம்மா, விரல் நல்லாத்தான் தெரியுது, உன்ற மெஷினு பொய் சொல்லுது என்று கத்தினேன். வெளியே யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஆறுச்சாமி ஆளாக இருக்கும் என்று ஒரு நொடி, கோயமுத்தூரில் ஆறுச்சாமிக்கு என்ன ஆள், பைத்தியம். டாக்டர் எழுந்து, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க என்று ஜன்னல் பக்கம் போய் ஃபைலைப் புரட்டினாள்.

மயிலாத்தாள் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். துண்டை உதறினாள், என் வலது கைமேல் போட்டாள், தன் கையையும் அதற்கு அடியில் விட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொம்பளை கை என் யாவாரத் துண்டுக்குள் வந்ததில்லை, கம்பளி வேறு, துண்டு வேறு. ஏ புள்ள, எடு கையை, என்ன இது, டாக்டரம்மா பார்க்குது என்றேன், மெதுவாகத்தான். “இந்த ஆஸ்பத்திரியில எத்தன நாள் இருக்கறீங்கன்னு நான் புடிச்சிருக்கறேன்,” என்றாள். “சொல்லுங்க. சரியாச் சொல்லீட்டீங்கன்னா இப்பவே பஸ்ஸேறலாம்.” சரி, வா, உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். முழங்கையைப் பார்த்தேன். சும்மா இருக்கிறது. தோள் இறங்கவில்லை. துண்டில் மடிப்பு விழுந்திருக்கிறது, அது உதறிப் போட்ட மடிப்பா பிடித்த மடிப்பா. முகத்தைப் பார்த்தேன். மூக்குத்தி. நெற்றியில் வேர்வை, இந்தக் குளிரில். கண் என் கண்ணையே பார்க்கிறது, எதையும் வைத்துக்கொண்டு பார்க்கிற கண் இல்லை, எடுத்துக்கொண்டு பார்க்கிற கண்ணும் இல்லை. விரலுக்குள்ளே இறங்கித் தேடினேன், முழங்கை வரைக்கும் போனேன், அங்கேயே நின்றுபோனது, அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, ஆள் இல்லாத சந்தை மாதிரி, செவ்வாய் வியாழன் இல்லாத மற்ற நாளில் போய்ப் பார்த்தால் இருக்குமே, சாணியும் கயிற்றுத் துண்டுகளும் காக்காயும், அப்படி. ஒரு பிடி வந்தால் போதும், ஒரு கிள்ளு. கிள்ளேன் என்று மனசுக்குள் கேட்டேன், அவளிடமா, யாரிடமோ. இவள் எத்தனை கேட்பாள். டாக்டர் ஒரு வாரம் என்பாள், இவள் பயந்தவள், பாதிக்கு மேல் கேட்பாள், கேட்டதில் கொஞ்சம் குறைத்துப் பிடிப்பாள், எனக்குக் கோபம் வரக்கூடாது என்று. கணக்குப் போட்டேன். இத்தனை மாசமாக இதுதானே பிழைப்பு.

“நாலு,” என்றேன். “நாலு விரலு. இறங்கி வா புள்ள, கட்டாது.” குரல் நன்றாகவே வந்தது. சந்தையில் கேட்டவன் நம்பியிருப்பான்.

அவள் துண்டை எடுத்தாள். என் கை மல்லாந்து கிடந்தது, உப்பின தோல் காய்ந்து கறுத்து. அவள் கை ஒரு சாண் தள்ளிப் படுக்கை விரிப்பில் கிடந்தது, அதுவும் மல்லாந்து. “தொடவே இல்லீங்க,” என்றாள்.

சிரித்திருந்தால் அறைந்திருப்பேன். அழுதிருந்தாலும் அறைந்திருப்பேன். அவள் இரண்டும் செய்யவில்லை. தன் கையை நகர்த்திக் கொண்டுவந்து என் விரல்களைப் பிடித்தாள், இப்போது துண்டு இல்லாமல், எல்லாரும் பார்க்க, எத்தனை விரல் என்று எனக்குக் கண்ணால் தெரிந்தது, கண்ணை மூடிக்கொண்டேன், மூடினால் தெரியவில்லை, திறந்தால் இருக்கிறாள், மூடினால் இல்லை. எத்தனை என்று அவள் கேட்கவில்லை. காத்துக்கொண்டிருந்தாள். சந்தையில் ஒரு சொல்லைச் சொல்லக்கூடாது என்றால் அது இதுதான், விலைகூட இல்லை, இது.

“தெரியல புள்ள,” என்றேன்.

“அம்முட்டுத்தானுங்க வேணும்,” என்றாள். டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், என்னமோ இரண்டு பேரும் முன்னாலேயே பேசி வைத்துக்கொண்ட மாதிரி. அந்தப் பொண்ணு கதவைத் திறந்து சக்கர நாற்காலி கொண்டுவரச் சொன்னாள். நடந்தே வருவேன் என்று சொல்ல வாயெடுத்தேன், செருப்பு ஞாபகம் வந்தது. இடம் போச்சு, அந்தச் சந்து போச்சு, நாளைக்குப் பொழுது விடிந்தால் ஆறுச்சாமி அங்கே காலை அகட்டி நின்றுகொண்டு உம்மருக்குச் சலாம் வைப்பான் என்று மயிலாத்தாளிடம் சொன்னேன், இப்போ சந்தோஷமா என்று கேட்டேன். அவள் என் சட்டையைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள், பொத்தானைக் கீழேயிருந்து மேலாக. நான் போயி நின்னுக்கறேன் என்றாள். நான் காதில் சரியாக வாங்கவில்லை என்று நினைத்துத் திரும்பச் சொன்னாள், காத்தால மொதல் பஸ்ஸுக்குப் போயி அந்தத் தொட்டிகிட்ட நின்னுக்கறேன், யாரு வந்து தள்ளுனாலும் நகர மாட்டேன், நீங்க வர்ற மட்டும். பொம்பளை மாட்டுச் சந்தையிலா, லாரி மேட்டிலா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா, உம்மர் வந்து கையை நீட்டினால் துண்டுக்குள் ஒரு அந்நிய ஆம்பளை கையைப் பிடிப்பாயா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“அவுரு கைய நான் எதுக்குப் புடிக்கறேன்,” என்றாள். “வெலைய வாயில சொல்லுவேன். அவுருக்குக் காது இருக்குதில்ல.”

வாயிலா. அத்தனை கூட்டத்துக்கு நடுவிலா. வேண்டாம் என்று சொல்வதற்குள் சக்கர நாற்காலி உள்ளே வந்துவிட்டது, யாரோ என் அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறார்கள், அடி வாங்கின அதே அக்குள். துண்டுக்காகக் கையை நீட்டினேன். அதை அவள் இரண்டாக மடித்தாள், ஒரு உதறு உதறினாள், தன் தோளில் போட்டுக்கொண்டாள். என்னைக் கேட்காமல்.